மண்ணெண்ணெய்க் காரும் மின்சாரக் காரும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையின் எரிபொருள் வரிசைகளில் காத்துநின்ற முதியவர்கள் சிலர் நின்ற இடத்திலேயே மயங்கி வீழ்ந்து இறந்தார்கள். எழுபது வயதை எட்டியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். வெயில், பசி, நீரிழிவு, இருதய நோய் என்று மருத்துவக் காரணங்கள் கூறப்பட்டன. அந்த வயதில் ஒருவர் சில லீற்றர் எரிபொருளுக்காக மணிக்கணக்கில் தெருவில் நிற்க நேர்ந்ததே முதற்காரணம் என்பதைச் சொல்வதற்கு மருத்துவர் தேவையில்லை.

அதன் பின்னர், ஓய்வுபெறும் வயதை அண்டியவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பணிக்கொடையாகவோ ஊழியர் சேமலாப நிதியாகவோ கைக்கு வரும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு சிறிய கார் ஒன்றை வாங்குவதானால் எதை வாங்குவது? புதிய கார் என்பது நமது நாட்டின் வரிவிதிப்பில் ஓய்வூதியக்காரருக்கு எட்டாத பொருள். ஆகவே பாவித்த கார்தான். ஆனால் பெற்றோல் காரா, பெற்றோலும் மின்சாரமும் கலந்த ஹைபிரிட் காரா, அல்லது முழு மின்சாரக் காரா? ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் உள்ள பிள்ளைகள் தொலைபேசியில் ஆலோசனை சொல்கிறார்கள். பணமும் பெரும்பாலும் அவர்கள் அனுப்புவதுதான். எனினும் அவர்கள் வாழும் நாடுகளில் மின்சாரம் பதின்மூன்று மணித்தியாலம் நிற்பதில்லை. இக்கேள்விக்கான விடையை அந்நாடுகளின் அனுபவத்தைவிட நமது அனுபவத்தில், குறிப்பாக 1990களின் யாழ்ப்பாணத்தில், தேடுவது பொருத்தமானது என்பது எனது எண்ணம்.

மின்சாரக் கார் இந்நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பிரான்சின் கஸ்ரன் பிளான்ரே மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய-அமிலப் பற்றரியை 1859இல் உருவாக்கினார். 1899இல் பெல்ஜியரான கமில் ஜெனாட்சி பாரிசுக்கு அருகில் ஓட்டிய மின்சார வாகனமே மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டிய முதலாவது கார். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களில் நீராவிக் கார், மின்சாரக் கார், பெற்றோல் கார் ஆகிய மூன்றும் சமநிலையில் போட்டியிட்டன. டெற்றொயிற் எலெக்ட்ரிக் என்னும் நிறுவனம் 1907 முதல் செய்து விற்ற கார்களை வாங்கியவர்களில் வீடுகளுக்குச் சென்று நோயாளரைப் பார்க்கும் மருத்துவர்களும் பெண்களும் கணிசமானோர். பெற்றோல் காரின் முன்னே குனிந்து இரும்புக் கைபிடியைச் சுழற்றும் வலு இல்லாதவர்களுக்கு அது பெரும் ஆறுதல். பெற்றோல் கார்களால் உலகை நிறைத்த ஹென்றி ஃபோர்ட்டின் மனைவி கிளாரா ஓட்டியதும் ஒரு டெற்றொயிற் எலெக்ட்ரிக் கார்தான்.

1912இல் கடிலாக் கார்களில் மின்சார ஸ்ராட்டர் பொருத்தப்பட்டது. கைபிடி சுழற்றும் வேலை ஒழிந்தது. ஒரு சிறிய மின்சார மோட்டார்தான் மின்சாரக் காரின் வீழ்ச்சியைத் தொடக்கி வைத்தது என்பது தொழில்நுட்ப வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. நல்ல வீதிகளும் மலிவான எண்ணெயும் மீதியைச் செய்து முடித்தன.

எங்கள் ஊர்களுக்குக் கார் வந்தபோது அது பெற்றோல் காராகவே வந்தது. பிரித்தானியர் ஆட்சியில் வந்தது பிரித்தானியக் கார். மலாயாவில் புகையிரதத் திணைக்களத்திலும் அரசாங்க அலுவலகங்களிலும் கடமையாற்றி ஊர் திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’ என்ற வர்க்கம் யாழ்ப்பாணக் கிராமங்களில் கல்வீடும் கிணறும் கட்டியது. அவர்களில் வசதியானவர்கள் காரும் வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரின் பின்னர் வந்தவைதான் இன்றும் நினைவில் நிற்பவை. அலெக் இசிகொனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், அதற்குச் சற்று முன்பின்னாக வந்த ஒஸ்ரின் ஏ40 வகைகள், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியன அவை. ஆசிரியரும் அப்போதிக்கரியும் மைனரை விரும்பினார்கள். வாடகைக்கு ஓடுபவர்கள் ஒஸ்ரினை விரும்பினார்கள். யாழ்ப்பாணத்தில் ‘ஹயர் கார்’ என்ற சொல்லே ஒஸ்ரினைக் கண்முன் கொண்டுவரும்.

1960களில் தொடங்கி 1970 - 1977 காலத்தில் உச்சமடைந்த இறக்குமதிக் கட்டுப்பாடு இக்கார்களின் ஆயுளை நீட்டியது. புதிய கார் வராத நாட்டில் பழைய காரைச் சாகவிட முடியாது. கடைசல் பட்டறைகளில் புஷ்களும் பின்களும் கடையப்பட்டன. ஒரு காரின் பாகம் இன்னொன்றுக்கு மாறியது. ஊருக்கு ஒரு கராஜ், அதில் ஒரு மூத்த மெக்கானிக், அவரிடம் தொழில் பழகும் நான்கு பையன்கள் என்று ஒரு அமைப்பு வேரூன்றியது. பிற்காலத்தில் மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்களைத் தென்னிலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் அளவுக்கு இந்தக் கைத்திறன் வளர்ந்தது. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தபோதும், வடக்கில் ஒஸ்ரின்கள் தரிப்பிடத்தை விட்டுப் போகவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த லக்சபானா மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பெற்றோலும் டீசலும் பற்றரியும் அடங்கின. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. அந்த ஆண்டுகளைக் கடந்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கையும், வானொலிச் செய்தி கேட்பதற்காகக் கவிழ்த்துவைத்த சைக்கிளின் சில்லைச் சுழற்றி டைனமோவால் மின்சாரம் எடுத்ததையும் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். ஒரு வீட்டின் முழு மின்சாரமும் ஒரு சிறுவனின் கைவலுவாக இருந்த காலம் அது.

அக்காலத்தில்தான் ஒஸ்ரின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதை ஏதோ மாயம் போலச் சொல்பவர்கள் உண்டு. மாயம் ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த இயந்திரத்தை அது இயக்காது. சூடேறிய இயந்திரத்தில் அது ஆவியாகி எரியும். சில துளி பெற்றோலைச் சிறு பிளாஸ்ரிக் போத்தலில் வைத்துக்கொண்டு, காபரேற்றருக்குள் பீச்சி இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறும்வரை பொறுத்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பெற்றோலில் தொடங்கி எண்ணெய்க்கு மாறும் உழவு இயந்திரங்களை ஃபெர்குசன் நிறுவனம் முன்னரே விற்றிருந்தது. நமது மெக்கானிக்குகள் அதே வித்தையைக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கொண்டுவந்தார்கள்.

ஒஸ்ரினால் இது ஏன் முடிந்தது என்பதுதான் நமது விடயத்துக்கு முக்கியமானது. அதன் இயந்திரத்தின் அமுக்க விகிதம் குறைவு. மண்ணெண்ணெயின் தரக்குறைவை அது தாங்கிக்கொண்டது. அமுக்கம் கூடிய பிற்கால இயந்திரங்களில் மண்ணெண்ணெய் ஊற்றினால் சுத்தியலால் தட்டுவதுபோன்ற ஓசையோடு பிஸ்ரன்கள் பழுதாகும். ஒஸ்ரினில் மின்னணுப் பெட்டி எதுவுமில்லை. பொயின்ற், கொயில், கொண்டென்சர், பிளக் என்ற நான்கையும் ஒரு திருப்புளியும் அரத்தாளும் கொண்டு சரிசெய்யலாம். சேதமும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. பிளக்குகள் கரிபிடித்தன. கார் போன தெருவெல்லாம் வெண்புகையும் அந்த மணமும் நின்றன. ஆனால் பிரசவ வேதனையில் துடித்த பெண்ணையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட முதியவரையும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்தக் கார்கள்தான். அதே காலத்தில் நல்ல நிலையிலிருந்த ஜப்பானியக் கார்கள் பல, கொட்டில்களில் ஓலையால் மூடப்பட்டுக் கிடந்தன.

அன்று ஒரு காரின் மதிப்பை இரண்டு விடயங்கள் தீர்மானித்தன. கிடைப்பதைக் குடித்து ஓடுமா என்பது ஒன்று. நமது ஊரிலேயே அதைத் திருத்த ஆளுண்டா என்பது மற்றையது. இன்றைய ஹைபிரிட் காரையும் மின்சாரக் காரையும் நான் இந்த இரண்டு கேள்விகளோடுதான் அணுகுகிறேன்.

ஹைபிரிட் காரின் வரலாறும் பழையதே. ஃபெர்டினண்ட் போர்ஷே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவ்வாறான வாகனத்தைச் செய்தார். ஆனால் பெருந்தொகையில் உற்பத்தியான முதலாவது ஹைபிரிட் கார் ரொயோட்டா பிரியஸ். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் சிறிய உறவினரான அக்குவா 2011 டிசம்பரில் வந்தது. ஜப்பானில் மூன்றாண்டு கழிந்த காருக்கும் அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் செலவுமிக்க அரசாங்கப் பரிசோதனை உண்டு. அதனால் அங்குள்ளவர்கள் நல்ல காரையும் விரைவில் கைமாற்றுகிறார்கள். நம்மைப் போலவே அவர்களும் இடப்பக்கமாக ஓட்டுபவர்கள். எனவே ஜப்பானியரின் பழைய கார் இலங்கையரின் புதிய கார் ஆகிற்று. போர் முடிந்த பின்னர் ஏ9 வீதி வழியே வடக்கு நோக்கி வந்த வாகனப் பெருக்கில் ஹைபிரிட் கார்களும் இருந்தன. அவற்றில் பலவற்றைக் கொண்டுவந்தது வரிச்சலுகை. நமது வரவுசெலவுத் திட்டங்கள் ஓராண்டு ஹைபிரிட்டைத் தாலாட்டும், அடுத்த ஆண்டு கிள்ளிவிடும். மின்சாரக் காருக்கும் 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதுவே நடந்தது. முப்பது ஆண்டு வாகன வரிக் கொள்கையை எழுதப் புகுந்தால் அது தனியொரு நகைச்சுவை நூலாகிவிடும்.

பிரியஸ், அக்குவா ஆகியவற்றில் இயந்திரமும் மின்மோட்டாரும் ஒரு பற்சக்கரத் தொகுதியால் இணைக்கப்பட்டுள்ளன. வேகம் குறைக்கும்போது வீணாகும் சக்தி மின்சாரமாகிப் பற்றரிக்குச் செல்கிறது. வெளியிலிருந்து மின்னேற்ற வேண்டியதில்லை. பற்றரி மிகப் பெரியதுமல்ல. பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களில் 28 நிக்கல் பற்றரித் துண்டுகளும், முதற்தலைமுறை அக்குவாவில் 20 துண்டுகளும் அடுக்கப்பட்டுள்ளன. ஒன்றிரண்டு துண்டுகள் கெட்டால் அடுக்கைக் கழற்றி அவற்றை மட்டும் மாற்றலாம். கொழும்பில் மட்டுமன்றி ஏனைய நகரங்களிலும் இதைச் செய்யும் மெக்கானிக்குகள் உருவாகிவிட்டார்கள். துண்டு மாற்றுவது நிரந்தர வைத்தியமன்று. மற்றத் துண்டுகளும் அதே வயதினவே. எனினும் ஒஸ்ரினின் கராஜ் மரபு இங்கே தொடர்கிறது என்பதை மறுக்க முடியாது.

ஓய்வுபெற்றவர் இதில் கவனிக்கவேண்டியவை வேறு சில. பின்னாசனத்தின் ஓரத்தில் பற்றரிக்குக் காற்றிழுக்கும் துவாரம் ஒன்றுண்டு. அதில் தூசியும் மயிரும் அடைத்தால் பற்றரி வெந்து கெடும். வாங்கும்போது அந்த இடத்தைப் பார்த்தாலே முன்னைய உரிமையாளரின் குணம் தெரிந்துவிடும். கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடும் காரில் இயந்திரம் சூடேறுமுன்னரே பயணம் முடிந்துவிடுவதால், விளம்பரத்தில் சொல்லும் எரிபொருள் சிக்கனம் கிடைக்காது. வாரக்கணக்கில் ஓடாமல் நின்றால் பெரிய பற்றரி நலமாயிருக்க, காரை விழிக்கவைக்கும் சிறிய 12 வோல்ற் பற்றரி இறந்துவிடும். பிள்ளைகளிடம் வெளிநாடு போய் மூன்று மாதம் நின்று திரும்புபவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். ‘ஹைபிரிட்’ என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே வகையுமல்ல. இலங்கைத் தெருக்களை நிறைத்த சுசுக்கி வகன் ஆர் போன்றவற்றில் உள்ள சிறு மோட்டார் இயந்திரத்துக்குத் துணை நிற்குமேயன்றி, காரைத் தனித்து நெடுந்தூரம் இழுக்காது.

முழு மின்சாரக் கார் என்றால் நமது பாவித்த கார்ச் சந்தையில் முதலில் நினைவுக்கு வருவது நிசான் லீஃப். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் 24 கிலோவாற் மணி கொள்ளளவுடைய லித்தியம் பற்றரி. அந்தப் பற்றரியைத் தொலைபேசிகளுக்கும் கார்களுக்கும் சாத்தியமாக்கிய மூன்று அறிஞர்களுக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் லீஃபின் பற்றரிக்கு நீரினாலோ குளிரூட்டியினாலோ குளிர்ச்சியூட்டும் அமைப்பு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநில வெயிலில் ஓடிய லீஃப்கள் வேகமாகக் கொள்ளளவை இழப்பதாக 2012இலேயே உரிமையாளர்கள் முறையிட்டார்கள். நிசான் பின்னர் வெப்பத்தை ஓரளவு தாங்கும் பற்றரியைப் பொருத்தியது. நமது நாட்டில் மாரி என்று சொல்லும் காலத்திலும் குளிர் இல்லை.

லித்தியம் பற்றரிக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் வயதாகும். வெப்பத்தில் நிறைய மின்னேற்றி நிறுத்திவைத்தால் இன்னும் விரைவாக வயதாகும். ‘குறைவாக ஓடிய கார், ஓய்வுபெற்ற டொக்டர் வைத்திருந்தது’ என்ற தரகரின் பழைய மந்திரம் ஒஸ்ரினுக்குச் செல்லும், லீஃபுக்குச் செல்லாது. பத்தாண்டு கொட்டிலில் நின்ற லீஃபின் இருதயமும் பத்தாண்டு கிழடுதான்.

லீஃபின் முகப்பில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கோடுகள் உண்டு. கொள்ளளவு குறையக் குறையக் கோடுகள் மறையும். கட்டுப்பாட்டுக் கணினியின் நினைவை அழித்து 12 கோடுகளையும் மீண்டும் தெரியச்செய்யும் தந்திரம் உலகெங்கும் நடந்திருக்கிறது. சில காலம் ஓடியபின் அவை மறுபடியும் மறையும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

மின்சாரக் காருக்குச் சார்பாகச் சொல்லவும் நிறைய உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை ஏறத்தாழ 33 கிலோமீற்றர். காங்கேசன்துறை அதைவிடக் கிட்ட. மலையில்லாத தட்டையான நிலம். ஒரு தடவை மின்னேற்றி 80 கிலோமீற்றர் மட்டும் ஓடும் கிழட்டு லீஃபும் குடாநாட்டு ஓய்வூதியக்காரருக்குப் போதும். டெற்றொயிற் எலெக்ட்ரிக் காரில் நோயாளரைப் பார்க்கப்போன அமெரிக்க மருத்துவரின் தேவையும் இவ்வளவுதான். இரவு முழுவதும் வீட்டுச் செருகியில் மின்னேற்றினால் காலையில் தயாராகும். இயந்திர எண்ணெய் மாற்றும் செலவுமில்லை. கொழும்புக்கு ஓடும் நினைப்பு உள்ளவர்கள்தான் இதை மறந்துவிடவேண்டும்.

2022 இந்த வாதத்தைச் சோதித்துப் பார்த்தது. அந்த மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நடைமுறையானது. ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பின்னர் வந்த கியூஆர் அட்டை முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். மின்சாரக் காரை வைத்திருந்தவர்கள் வரிசைகளைக் கடந்து போனார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களும் மின்சாரம் வரும் நேரத்தைக் கணக்குப்பார்த்துக் கண்விழித்தார்கள். கூரையில் சூரியத் தகடு இருந்தால் கவலையில்லை என்று நம்பியவர்களுக்கு இன்னொரு பாடம். மின்சார சபையின் வலையமைப்போடு இணைத்த சாதாரண சூரியத் தொகுதி, வெளியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலைசெய்யும் ஊழியரின் உயிர்காக்கும் ஏற்பாடு அது. சேமிப்புப் பற்றரியும் தனித்தியங்கும் இன்வெர்ட்டரும் இல்லாவிட்டால், உச்சி வெயிலில் தகடுகள் மினுங்க, கீழே கார் பட்டினி கிடக்கும்.

ஹைபிரிட் அந்த மாதங்களில் எப்படி நின்றது? வாரத்துக்கு 20 லீற்றர் என்பது பழைய பெற்றோல் காருக்குப் பஞ்சம், அக்குவாவுக்கு அது தாராளம். தாங்கியில் மீதியிருக்கும் பெற்றோல் மின்வெட்டைப் பொருட்படுத்துவதில்லை. நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய குடும்பத்துக்கு ஒரேயொரு கார்தான் என்றால், நான் ஹைபிரிட் பக்கமே நிற்பேன். வீட்டில் மோட்டார் சைக்கிளோ பிள்ளையின் வாகனமோ வேறொன்று இருந்தால், குடாநாட்டு ஓட்டத்துக்கு மின்சாரக் கார் சிக்கனமானது. ஆனால் இவை இரண்டுமே மண்ணெண்ணெயைக் குடிக்கமாட்டா. அந்த வகையில் ஒஸ்ரினுக்கு வாரிசு இல்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டில் பத்து வயதுக் கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்கப்பட்டன. பொருள் பழையதாகப் பழையதாக விலை ஏறும் அதிசயம் அக்காலத்தில் பழகிப்போயிற்று. இறக்குமதி திறந்துவிட்டதால் நேற்றைய விலையை இன்றும் கேட்கும் விற்பனையாளரோடு பேரம்பேச இடமிருக்கிறது. பற்றரி மாற்றும் செலவை முதலில் விசாரித்து, அதைக் காரின் விலையோடு கூட்டியே இரண்டு கார்களை ஒப்பிடவேண்டும். விலைப்பட்டியலில் மலிவாகத் தோன்றும் லீஃப் அந்தக் கூட்டலின் பின்னர் மலிவாக இராது.

லீஃப்தான் என்று முடிவுசெய்தவர் காலை நேரத்தில் பார்க்கப் போகக்கூடாது. பிற்பகல் இரண்டு மணிக்கு, முழுதாக மின்னேற்றிய நிலையில் காரை வாங்கி, குளிரூட்டியைப் போட்டு, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பருத்தித்துறை வரை ஓட்டித் திரும்பவேண்டும். முகப்பிலுள்ள கோடுகளை நம்பவேண்டாம். புறப்படும்போது எத்தனை வீதம், திரும்பும்போது எத்தனை வீதம் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அறுபத்தாறு கிலோமீற்றருக்குள் பற்றரி பத்து வீதத்துக்குக் கீழே போனால், எவ்வளவு விலை குறைத்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்றிலொரு பங்குக்கு மேல் மீதியிருந்தால் உட்கார்ந்து பேசலாம்.